காமராஜரிடம் தலைமையைக் கற்பது எப்படி: புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பஞ்சாயத்து வார்டு உறுப்பினர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர், மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர், கூட்டுறவுச் சங்க நிர்வாகி, தொழிற்சங்கக் கிளைச் செயலாளர், அலுவலகத்தில் பத்துப் பேருக்கு மேலாளர் என்று ஏதேனும் ஒரு பொறுப்பில் அண்மையில் அமர்ந்தவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பின்புலமோ பட்டமோ பணபலமோ இல்லாமல் பொறுப்புக்கு வந்திருப்பவர்களுக்கு இது கூடுதலாகப் பயன்படும். ஏனென்றால், நாம் இங்கே பாடம் கேட்கப் போகிறவரிடமும் தொடக்கத்தில் அவற்றில் எதுவும் இருக்கவில்லை.

1903ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று விருதுபட்டியில் (இன்றைய விருதுநகர்) பிறந்த காமராஜர், சிறு வயதிலேயே தந்தை குமாரசாமி நாடாரை இழந்தார். குடும்பப் பாரம் தாய் சிவகாமி அம்மாளின் மீது விழுந்தது. பள்ளிப் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. தாய்மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்த்தப்பட்ட அந்தச் சிறுவன், ஜாலியன்வாலாபாக் படுகொலையின் செய்தி நாட்டை உலுக்கிய காலத்தில் காங்கிரஸ் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கி, விடுதலைப் போராட்டத்தில் பல முறை சிறை சென்று, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைச் சிறைகளில் கழித்து, 1954இல் சென்னை மாநில முதலமைச்சராகவும் 1963இல் அகில இந்திய காங்கிரஸ் தலைவராகவும் உயர்ந்தார். அடுத்தடுத்து இரண்டு பிரதமர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டதில் அவருடைய பங்கே பெரிதாக இருந்தது.

அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கதர்ச் சட்டையையும், சென்னை திருமலைப் பிள்ளை சாலையில் இருந்த வாடகை வீட்டையும், சொத்துச் சேர்க்காத வாழ்வையும் சொல்லி நெகிழ்ந்துவிட்டு எழுந்து போய்விடுகிறோம். எளிமை போற்றத்தக்கதுதான். ஆனால் எளிமையாக வாழ்ந்தும் எதையும் செய்து முடிக்காதவர்கள் எத்தனையோ பேர் உண்டு. பொறுப்பில் இருப்பவர் காமராஜரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய வேலைமுறையை என்பது என் உறுதியான கருத்து. ஒரு பதவியை எப்போது ஏற்பது, அதை யாரோடு பகிர்ந்துகொள்வது, எப்போது விடுவது ஆகிய மூன்று முடிவுகளையும் அவர் தம் செல்வாக்கைக் கணக்கிட்டு எடுக்காமல், ஆக வேண்டிய வேலையைக் கணக்கிட்டு எடுத்தார். அந்த முறையைப் பழக்கமாக்கிக்கொள்ளும் வழிகளே கீழே வருகின்றன.

பதவியை ஏற்பதற்கு முன்

1940ஆம் ஆண்டின் இறுதியில், தனிநபர் சத்தியாகிரகத்துக்கான தமிழ்நாட்டுத் தொண்டர்களின் பட்டியலுக்குக் காந்தியின் ஒப்புதலைப் பெறுவதற்காக வார்தாவுக்குப் போய்க்கொண்டிருந்த காமராஜர் குண்டூரில் கைது செய்யப்பட்டு, வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். அவர் சிறைக்குள் இருந்தபோதே விருதுநகர் நகராட்சியின் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறந்த ஊரே கூடி அளித்த கௌரவம் அது. துணிக்கடையில் நின்ற பையனுக்கு அதே ஊரின் தலைமை நாற்காலி. 1941 நவம்பரில் விடுதலையாகி ஊருக்கு வந்தவர், அந்தப் பதவியிலிருந்து விலகினார். முழுமையாக நியாயம் செய்ய முடியாத பதவியை ஏற்கக் கூடாது என்பது அவர் கொண்டிருந்த கொள்கை. நாடு முழுவதும் கொந்தளித்துக்கொண்டிருந்த நேரத்தில், மாநிலக் காங்கிரஸ் தலைவராகவும் இருந்துகொண்டு, ஊரின் சாக்கடையையும் குடிநீரையும் ஒழுங்காகக் கவனிக்க முடியாது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

நம்மில் பலர் இந்த இடத்திலேயே சறுக்குகிறோம். கோயில் கமிட்டி, குடியிருப்போர் சங்கம், பள்ளிக் குழு என்று கேட்டவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு, எதிலும் முழுதாக இல்லாமல் எல்லாவற்றிலும் பெயராக மட்டும் இருக்கிறோம். ஒரு பொறுப்பு உங்களைத் தேடி வரும்போது உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தப் பொறுப்பில் ஒரு வாரத்தில் உள்ள வேலைகள் என்னென்ன என்பதை, முன்பு அந்தப் பதவியில் இருந்தவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த வேலைகளுக்கு உங்கள் வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் என்று எதிரே குறியுங்கள். நேரம் குறிக்க முடியாத வேலைகள் பாதிக்கு மேல் இருந்தால், அந்தப் பொறுப்பை மறுத்துவிடுவதே உங்களைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு நீங்கள் செய்யும் மரியாதை. மறுக்கும்போது காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லி, அதைச் செய்யக்கூடிய வேறொருவரின் பெயரையும் சொல்லிவிட்டு வாருங்கள். ஏற்கெனவே ஏற்றுக்கொண்டு தவிப்பவர்களுக்கும் இதுவே வழி. காமராஜரும் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகுதான் விலகினார்.

எதிர்த்து நின்றவரை என்ன செய்வது

தலைமையைப் பற்றிய பாடங்களில் நான் மிக உயர்வாக மதிப்பது 1954ஆம் ஆண்டு நிகழ்ச்சியை. முதலமைச்சராக இருந்த ராஜாஜி 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கற்பதிலும் செலவிட வேண்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்ற அதற்கு எதிர்ப்பு வலுத்ததால் ராஜாஜி விலக நேர்ந்தது. சட்டமன்றக் காங்கிரஸ் கட்சியின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் காமராஜரை எதிர்த்து ராஜாஜியின் ஆதரவாளர்கள் சி. சுப்பிரமணியத்தை நிறுத்தினார்கள். அவருக்குத் துணை நின்றவர்களில் எம். பக்தவத்சலமும் ஒருவர். போட்டியில் காமராஜர் வென்று, ஏப்ரல் 13 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்றார்.

வென்றவர் அமைத்த அமைச்சரவையில் தம்மையும் சேர்த்து எட்டுப் பேர் மட்டுமே இருந்தார்கள். அந்த எட்டில் சி. சுப்பிரமணியமும் பக்தவத்சலமும் இருந்தார்கள். அதுவும் பெயருக்கு ஓர் இலாகாவைக் கொடுத்து ஓரத்தில் உட்கார வைக்கவில்லை. நிதியும் கல்வியும் சுப்பிரமணியத்திடம் போயின. குலக்கல்வித் திட்டம் கைவிடப்படுகிறது என்ற அறிவிப்பை மே மாதத்தில் வெளியிட்டவரும் கல்வி அமைச்சரான அதே சுப்பிரமணியம்தான். சற்று நிதானித்துப் பார்த்தால், இந்த ஏற்பாட்டில் எத்தனை காரியங்கள் ஒரே நேரத்தில் நடந்திருக்கின்றன என்பது தெரியும். எதிரணியின் மிகத் திறமையான ஆள் வெளியே இருந்து குறை சொல்பவராக இல்லாமல், உள்ளே இருந்து விளைவுக்குப் பொறுப்பாளராக ஆனார். பிளவுபட்ட கட்சியில் தோற்றவர்கள் அவமானப்படாமல் வேலைக்குத் திரும்பினார்கள். மாற்றப்பட வேண்டிய கொள்கை, பழைய ஆட்சியோடு தொடர்புடையவரின் வாயாலேயே மாற்றப்பட்டதால் கசப்பு குறைந்தது.

அதே அமைச்சரவையில் வேறு கட்சிகளைச் சேர்ந்த மாணிக்கவேலு நாயக்கரும் எஸ். எஸ். ராமசாமிப் படையாச்சியும் இடம்பெற்றார்கள். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பி. பரமேஸ்வரனிடம் இந்து அறநிலையத் துறையும் ஒப்படைக்கப்பட்டது. கோயில் நுழைவுக்காக மக்கள் போராடி இருபது ஆண்டுகள்கூட முழுதாகக் கழியாத காலத்தில், கோயில்களின் நிர்வாகத்தை அவரிடம் கொடுத்ததற்குத் தனியாக மேடைப் பேச்சு எதுவும் தேவைப்படவில்லை.

இதை உங்கள் இடத்தில் செய்வது எப்படி? தேர்தலோ போட்டியோ முடிந்த முதல் வாரத்திலேயே, உங்களை எதிர்த்தவர்களுள் வேலை தெரிந்தவர் யார் என்று கண்டுபிடியுங்கள். உங்களை எவ்வளவு கடுமையாகத் திட்டினார் என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, அவர் எதைச் சரியாகச் செய்யக்கூடியவர் என்பதை மட்டும் எண்ணுங்கள். அவருடைய வீட்டுக்கு நீங்களே போங்கள், ஆள் அனுப்பாதீர்கள். உங்களிடம் இருக்கும் வேலைகளில் உண்மையான கனம் உள்ள ஒன்றை, கணக்கு, கொள்முதல், கட்டுமானம் போன்ற ஒன்றை, முழு அதிகாரத்தோடு கொடுங்கள். அதன் பிறகு வாராவாரம் போய் அவருடைய முடிவுகளைத் திருத்திக்கொண்டிருந்தால் கொடுத்ததாக ஆகாது. உங்களுக்காக உழைத்த நண்பர்கள் வருத்தப்படுவார்கள் என்பதும் உண்மைதான். அவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. ஆனால் நாணயம் குறைந்த எதிராளிக்கு இந்த விதி பொருந்தாது. காமராஜர் தேர்ந்துகொண்ட இருவரின் திறமையும் நேர்மையும் மாநிலம் அறிந்தவை. சுப்பிரமணியம் பின்னாளில் மத்திய உணவு, வேளாண் அமைச்சராகப் பசுமைப் புரட்சிக்கு அடித்தளம் அமைத்தார். பக்தவத்சலம் காமராஜருக்குப் பின் முதலமைச்சரானார்.

திறமையைத் தேடிப் போய் அழைப்பதும் இதோடு சேர்ந்ததே. 1957 தேர்தலில் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த ஆர். வெங்கட்ராமன், அந்த இடத்தை விட்டுவிட்டு மாநில அமைச்சராக வந்து தொழில் துறையைக் கவனித்தார். கிண்டி தொழிற்பேட்டை போன்றவை எழுந்த காலம் அது. தம்மைவிட அதிகம் படித்தவர்களைச் சுற்றி வைத்துக்கொள்ளக் காமராஜர் அஞ்சியதாக எந்தச் சான்றும் இல்லை. தம் படிப்புக் குறைவை மறைக்கவும் அவர் முயலவில்லை. சிறையில் தாமாகவே ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குக் கற்றுக்கொண்டவர், துறை நுட்பத்தைத் துறை அறிந்தவர்களிடம் விட்டுவிட்டு, இது யாருக்குப் பயன்படும், எப்போது முடியும் என்ற கேள்விகளைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். உங்களுக்குத் தெரியாத கணினி மென்பொருளையோ சட்டப் பிரிவையோ தெரிந்ததுபோல் தலையாட்டிக் கையெழுத்துப் போடாதீர்கள். தெரிந்தவரிடம் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டு, பதில் உங்களுக்குப் புரியும் தமிழில் வரும்வரை விடாதீர்கள்.

காரணத்தைத் தேடிப் போவது

காமராஜரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. சுற்றுப்பயணத்தின்போது ரயில்வே கேட் அருகே அவருடைய கார் நின்றதாகவும், அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று அவர் கேட்டதாகவும், பள்ளிக்கூடம் போனால் சோறு யார் போடுவார்கள் என்று ஒரு சிறுவன் திருப்பிக் கேட்டதாகவும் சொல்வார்கள். பல வடிவங்களில் உலவும் இந்தச் செய்தியின் விவரங்களை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பின் நடந்தவை பதிவானவை. பிள்ளைகள் வராததற்குக் காரணம் பெற்றோரின் அறியாமை என்று கோப்புகள் சொன்ன இடத்தில், பசி என்று அவர் கண்டார். காரணம் மாறியதும் தீர்வும் மாறியது.

மதிய உணவு என்ற எண்ணம் புதியதன்று. நீதிக் கட்சியின் காலத்திலேயே, பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் 1920இல் அது தொடங்கப்பட்டிருந்தது. ஒரு நகரத்துப் பள்ளியில் நடந்ததை மாநிலம் முழுவதும் நடத்துவதற்குப் பணம் எங்கே என்பதுதான் 1950களின் நடுவில் அதிகாரிகள் எழுப்பிய கேள்வி. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அரசின் வருவாய் அப்போது அவ்வளவு குறைவு. காமராஜரும், கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவும் பணம் வரும்வரை காத்திருக்கவில்லை. ஊர்க்காரர்கள் அரிசியும் பருப்பும் காய்கறியும் காசும் கொடுத்துத் தங்கள் ஊர்ப் பள்ளியிலேயே சமைத்துப் போடும் ஏற்பாடாக 1956இல் அது தொடங்கியது. எட்டயபுரத்தில் தொடக்க விழா நடந்தது. மக்கள் பங்கேற்று நடத்திக் காட்டிய பிறகு அரசு மானியமும் சேர்ந்தது. சில ஆண்டுகளில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஆசிரியர்கள் தங்கள் பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியல் போட்டார்கள். கரும்பலகை, மணி, கடிகாரம், நாற்காலி, நிலம், கட்டடம் என்று எது முடியுமோ அதை ஊரார் கொடுத்தார்கள். இலவசச் சீருடையும் இந்த வழியில்தான் பரவியது. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு 1955இல் ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு மூன்றையும் சேர்த்துக் கொடுத்த திட்டமும் இதே அக்கறையின் மறுபக்கம். பிள்ளையின் வயிற்றை மட்டும் கவனித்துவிட்டு, கற்பிப்பவரின் முதுமையை மறந்திருந்தால் பள்ளி நடக்காது.

உங்கள் பொறுப்பில் ஏதாவது ஒன்று நெடுநாளாக நடக்காமல் நின்றிருக்கும். கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை, கடன் தவணை திரும்புவதில்லை, இரவுப் பணியில் ஆள் நிற்பதில்லை என்று ஏதோ ஒன்று. அதற்குச் சொல்லப்படும் வழக்கமான காரணத்தை ஒரு தாளில் எழுதிவிட்டு, அந்தச் சிக்கலை அனுபவிப்பவர்களைத் தேடி நீங்களே போங்கள். உங்கள் அறைக்கு வரச் சொல்லாதீர்கள். அறைக்கு வருகிறவர் உங்களுக்குப் பிடித்ததைத்தான் சொல்வார். ஏன் வரவில்லை என்று அதட்டும் குரலில் கேட்டால் மன்னிப்புதான் கிடைக்கும். வர வேண்டுமென்றால் அன்றைக்கு எதை விட வேண்டியிருக்கிறது என்று கேட்டால் காரணம் கிடைக்கும். கூட்ட நேரத்தில்தான் குழாயில் தண்ணீர் வருகிறது என்பது தெரிந்த பின், உறுப்பினர்களுக்கு ஆர்வமில்லை என்று யாரும் எழுத மாட்டார்கள்.

காரணம் தெரிந்த பிறகு, முழுத் திட்டத்துக்கான பணத்துக்காகக் காத்திருக்காமல், ஓரிடத்தில் கையில் இருப்பதை வைத்துத் தொடங்குங்கள். பங்கேற்பவர்கள் தங்களால் முடிந்த பொருளை ஒரு பிடியாவது கொடுக்கும்படி செய்யுங்கள்; கொடுத்தவர் நடக்கிறதா என்று வந்து பார்ப்பார். நடந்து காட்டிய பிறகு மேலிடத்தில் நிதி கேளுங்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நன்கொடையை நம்பியே ஒன்றை எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம் என்று நினைப்பது தவறு. ஏழை ஊருக்குக் கொடுக்கும் வலிமை குறைவு, தேவையோ அதிகம். அரசு மானியம் சேர்ந்ததால்தான் மதிய உணவு நிலைத்தது.

வாக்குக் கொடுப்பது

இதில் சொல்வதற்கு அதிகமில்லை. மனுவோடு வந்தவர்களிடம் காமராஜர் பெரும்பாலும் சொன்னது “ஆகட்டும், பார்க்கலாம்” என்ற இரண்டு வார்த்தைகள்தான். இன்று பலர் தட்டிக் கழிக்க அதே வார்த்தைகளைப் பயன்படுத்துகிறார்கள். அவர் சொன்னபோது அதற்கு மதிப்பு இருந்ததற்குக் காரணம், பார்க்கலாம் என்று சொன்னதை அவர் பார்த்தார் என்பதுதான். முடியாததை முடியாது என்று சொல்லவும் அவர் தயங்கியதில்லை. நீங்களும் கேட்ட இடத்திலேயே செய்து தருவதாகச் சொல்லும் பழக்கத்தை விடுங்கள். கேட்டவரின் பெயரையும் கோரிக்கையையும் அவர் கண்முன்னே ஒரு நோட்டில் எழுதி, எந்தத் தேதிக்குள் பதில் வரும் என்பதை மட்டும் சொல்லுங்கள். அந்தத் தேதியில், இல்லை என்ற பதிலாக இருந்தாலும், நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

எல்லோரையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவருவது

1964 மே 27 அன்று நேரு மறைந்தபோது காங்கிரஸ் தலைவராக இருந்தவர் காமராஜர். குல்சாரிலால் நந்தா இடைக்காலப் பிரதமராகப் பொறுப்பேற்றிருந்தார். அடுத்த பிரதமர் யார் என்பதில் கட்சி உடைந்துவிடும் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள்வரை எழுதிக்கொண்டிருந்த நேரம். மொரார்ஜி தேசாய்க்கு வலுவான ஆதரவு இருந்தது. லால் பகதூர் சாஸ்திரிக்கும் இருந்தது. உறுப்பினர்களின் பொதுக் கருத்தைக் கண்டறியும் பொறுப்பைக் காரியக் கமிட்டி காமராஜரிடம் விட்டது. அவர் பொதுக் கூட்டம் போட்டு விவாதிக்கவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களையும் முதலமைச்சர்களையும் மூத்த தலைவர்களையும் சந்தித்து, அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். ஜூன் 2 அன்று நடந்த நாடாளுமன்றக் கட்சிக் கூட்டத்தில் சாஸ்திரியின் பெயரை நந்தா முன்மொழிய, மொரார்ஜி தேசாயே வழிமொழிந்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் சென்னையில் தோற்றவரை உள்ளே வைத்துக்கொண்ட அதே கை இங்கேயும் வேலை செய்திருப்பதைக் காணலாம்.

சாஸ்திரியும் சிறு வயதில் தந்தையை இழந்து, வறுமையில் வளர்ந்து வந்தவர். 1966 ஜனவரி 11 அன்று தாஷ்கண்டில் அவர் திடீரென மறைந்தபோது, அதே கேள்வி மீண்டும் எழுந்தது. இம்முறை மொரார்ஜி தேசாய் விட்டுக்கொடுக்க மறுத்தார். காமராஜரும் ஒருமித்த முடிவு என்ற பெயரில் அவரை வற்புறுத்தி ஒதுக்காமல், வாக்கெடுப்புக்கு வழிவிட்டார். இந்திரா காந்தி 355 வாக்குகளும் மொரார்ஜி தேசாய் 169 வாக்குகளும் பெற்றார்கள். இரண்டு முறையும் காமராஜரே பிரதமராக வேண்டும் என்று விரும்பியவர்கள் இருந்தார்கள். அவர் அதற்கு இடம் தரவில்லை. இந்தியும் ஆங்கிலமும் சரளமாகப் பேச முடியாத தம்மால் அந்தப் பதவிக்கு உரியதை முழுதாகச் செய்ய முடியாது என்று அவர் எண்ணியிருக்கிறார். விருதுநகர் நகராட்சியில் எடுத்த முடிவின் அளவுகோல் தில்லியிலும் மாறவில்லை.

சர்ச்சைக்குரிய முடிவு ஒன்று உங்கள் முன் இருந்தால், கூட்டத்துக்கு முன்பே உறுப்பினர்களைத் தனித்தனியாகச் சந்தியுங்கள். உங்கள் விருப்பத்தை முதலில் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு கேட்பதெல்லாம் அதன் எதிரொலியாகத்தான் இருக்கும், ஆகவே சொல்லாதீர்கள். யார் வேண்டும் என்பதோடு, அவர் இல்லையென்றால் யாரை ஏற்றுக்கொள்வீர்கள் என்றும் கேளுங்கள். முடிவு பெரும்பாலும் இந்த இரண்டாவது பதிலில்தான் கிடைக்கும். கேட்டவற்றைக் கூட்டிக் குறைக்காமல் தொகுத்து, முடிவு எவருக்குப் பாதகமோ அவரிடம் கூட்டத்துக்கு முந்தைய நாளே நேரில் சொல்லுங்கள். சபையில் முதல்முறையாகக் கேட்கும்படி விடாதீர்கள். அவர் ஏற்க மறுத்தால் வாக்கெடுப்பு நடத்துங்கள். ஒருமனதாக முடிந்தது என்று பதிவேட்டில் எழுத வேண்டும் என்பதற்காக ஒருவரின் வாயை அடைப்பது, அவரை நிரந்தரமாக வெளியே அனுப்பும் வழி.

இந்தச் சந்திப்புகளை நடத்துகிறவர் தமக்காக எதையும் கேட்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். போட்டியில் நீங்களும் ஒருவர் என்றால், பேசிப் பார்க்கும் வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள்.

குடும்பமும் பணமும்

முதலமைச்சரின் தாய் கடைசிவரை விருதுநகர் வீட்டிலேயே வாழ்ந்தார். மாதச் செலவுக்கு மகன் அனுப்பிய தொகை அளவாகத்தான் இருந்தது. இதைப் படிக்கும்போது நம் மனம் கொஞ்சம் வலிக்கிறது, வலிக்கவும் வேண்டும். வயதான தாயைச் சற்று வசதியாக வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே இந்த அளவுக்கு உங்கள் குடும்பத்தை வருத்துங்கள் என்று நான் எழுத மாட்டேன். எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை இது: உங்கள் பொறுப்பின் பெயரைச் சொல்லி உறவினர் யாரும் எதையும் பெறக் கூடாது என்பதைப் பதவியேற்ற அன்றே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். சங்கப் பணத்துக்கும் சொந்தப் பணத்துக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு வைத்திருங்கள். அவசரத்துக்குக்கூட ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றாதீர்கள். உறவினருக்கு உண்மையிலேயே தகுதி இருந்து ஒரு வேலையோ உதவியோ வருகிறதென்றால், முடிவெடுக்கும் கூட்டத்திலிருந்து நீங்கள் எழுந்து வெளியே போய்விடுங்கள், அதைப் பதிவேட்டில் குறிக்கவும் சொல்லுங்கள்.

பதவியை விடுவது, விட்ட பிறகு

1962இல் மூன்றாவது முறையாக முதலமைச்சரான காமராஜர், அடுத்த ஆண்டே அந்தப் பதவி வேண்டாம் என்றார். மூத்த தலைவர்கள் அரசுப் பதவிகளை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும், மக்களோடு கட்சிக்கு அறுந்துபோன தொடர்பை மீட்க வேண்டும் என்று நேருவிடம் அவர் முன்வைத்த யோசனை, காமராஜர் திட்டம் என்று பெயர் பெற்றது. ஆறு முதலமைச்சர்களும் மொரார்ஜி தேசாய், லால் பகதூர் சாஸ்திரி, ஜகஜீவன் ராம் உள்ளிட்ட ஆறு மத்திய அமைச்சர்களும் அதன்படி விலகினார்கள். யோசனை சொன்னவர் தமக்கு மட்டும் விதிவிலக்கு வைத்துக்கொள்ளவில்லை. 1963 அக்டோபர் 2 அன்று, வைகையும் சாத்தனூரும் மணிமுத்தாறும் அணைகளாக எழுந்திருந்த ஆட்சியின் உச்சத்தில், அவர் முதலமைச்சர் பதவியிலிருந்து இறங்கினார்.

இது வெற்றி பெற்றதா என்று கேட்டால், முழுமையாக இல்லை என்றே சொல்ல வேண்டும். போட்டியாளர்களை அகற்றுவதற்கான உத்தி என்று அத்திட்டத்தை அப்போதே சந்தேகித்தவர்கள் உண்டு. தமிழ்நாட்டிலோ, அவர் தில்லி அரசியலில் மூழ்கியிருந்த ஆண்டுகளில் அரிசித் தட்டுப்பாடு வாட்டியது. 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. மாணவர்களும் இளைஞர்களும் காங்கிரசிடமிருந்து வெகுதூரம் போய்விட்டார்கள். மக்கள் தொடர்பை மீட்பதற்காகப் பதவியை விட்டவர், தம் சொந்த மாநிலத்தின் குரலைத் தக்க நேரத்தில் கேட்கத் தவறினார் என்பது என் கணிப்பு. 1967 தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சியைப் பிடித்தது. விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் காமராஜரே தோற்றார். அவர் திறந்த பள்ளிகளில் படித்த தலைமுறையும் அவருக்கு எதிராக வாக்களித்தவர்களுள் இருந்திருக்கும்.

அந்தத் தோல்விக்குப் பின் அவர் வாக்காளர்களைப் பழிக்கவில்லை, அரசியலை விட்டு ஒதுங்கவும் இல்லை. 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1971இல், கட்சி பிளவுபட்டு அவர் பக்கம் பலவீனமாகிவிட்ட நிலையிலும், அதே தொகுதியில் மீண்டும் வென்றார்.

விலகுவதைப் பற்றி நீங்கள் திட்டமிட வேண்டிய நேரம், பொறுப்பேற்ற முதல் ஆண்டே. உங்களுக்கு அடுத்து அந்த வேலையைச் செய்யக்கூடிய இருவரையாவது அடையாளம் கண்டு, வங்கிக்குப் போவது, அதிகாரிகளைச் சந்திப்பது, கூட்டத்தை நடத்துவது போன்றவற்றை அவர்களிடம் முறை வைத்து விடுங்கள். ஒரு மாதம் நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் வேலை நடக்கிறதா என்று பாருங்கள். நடக்கவில்லையென்றால் எந்த இடத்தில் நின்றதோ அதைத்தான் அடுத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். நன்றாக நடந்துகொண்டிருக்கும் காலத்தில் விலகுங்கள். வரவு செலவுக் கணக்கு, நிலுவையிலுள்ள வேலைகள், கொடுத்த வாக்குகள் ஆகியவற்றை எழுத்தில் ஒப்படையுங்கள். புதியவரின் முடிவுகளில் அவர் கேட்காமல் தலையிடாதீர்கள்.

ஆனால் காது கொடுப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள். மேல்மட்டப் பொறுப்புக்குப் போனவர்கள், மாவட்டச் சங்கத்துக்கோ தலைமை அலுவலகத்துக்கோ உயர்ந்தவர்கள், மாதத்தில் ஒரு நாளாவது தாங்கள் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிப் போய், மேடை இல்லாமல், உடன் ஆட்கள் இல்லாமல், உங்களோடு உடன்படாத இளையவர்கள் கூடும் இடத்தில் உட்கார வேண்டும். அவர்கள் சொல்வதற்கு அங்கேயே மறுப்புச் சொல்லாமல் கேட்டுக்கொண்டு, அதில் உங்களால் ஆகக்கூடியது எது என்று எழுதிவைத்து, அடுத்த முறை போகும்போது அதற்கான பதிலோடு போங்கள்.